சிபில் இல்லாத கடைக்காரருக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது? சைக்கோமெட்ரிக் தேர்வை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிபன் கடை நடத்தும் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கடன் கேட்டு வருகிறார். வியாபாரம் பெரும்பாலும் ரொக்கத்தில். ஜிஎஸ்டி பதிவு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது. பான் எண்ணைப் போட்டுப் பார்த்தால் சிபில் மதிப்பெண்ணாக 300-க்கும் 900-க்கும் நடுவே எந்த எண்ணும் வருவதில்லை. கடன் வரலாறு இல்லை என்று மட்டும் வருகிறது. கிளை மேலாளர் நகை இருக்கிறதா என்று கேட்பார், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். வந்தவர் நேரே தண்டல்காரரிடம் போவார். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் வாங்கிக்கொண்டு, நாளுக்கு நூறாக நூறு நாள் கட்டுவார்.

தண்டல்காரர் எந்தக் காகிதமும் கேட்பதில்லை, ஏனென்றால் தினமும் கடை வாசலில் நிற்கிறார். காலையில் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறார்கள், மாவு தீர்ந்தால் என்ன செய்கிறார்கள், பாக்கி வைத்தவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவில் ஒரு பங்கையாவது வாசலில் நிற்காமலே பெற முடியுமா என்ற முயற்சிதான் சைக்கோமெட்ரிக் கடன் தேர்வு, அதாவது கேள்விகள் மூலம் குணத்தை அளந்து பார்க்கும் தேர்வு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சர்வதேச வளர்ச்சி மையத்தில் பெய்லி கிளிங்கர், அசிம் குவாஜா ஆகியோர் தொடங்கிய ஆய்விலிருந்து ‘ஆந்த்ரப்ரனூரியல் ஃபைனான்ஸ் லேப்’ (சுருக்கமாக ஈஎஃப்எல்) என்ற நிறுவனம் பிறந்தது. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வங்கிகளோடு சேர்ந்து இந்தத் தேர்வுகளை நடத்திய அந்த நிறுவனம், 2017-இல் லெண்டோ என்ற கடன் மதிப்பீட்டு நிறுவனத்துடன் இணைந்தது.

கீழே உள்ளது சிறு நிதி நிறுவனங்கள், கூட்டுறவுக் கடன் சங்கங்கள், கடன் செயலி நடத்துபவர்கள் ஆகியோருக்காக எழுதியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கேள்வித்தாள் எழுதுவது சின்ன வேலை. அந்தக் கேள்விகள் உங்கள் ஊரில், உங்கள் வாடிக்கையாளரிடம் எதையாவது கணிக்கின்றனவா என்று கண்டுபிடிக்க, மதிப்பெண்ணைப் பார்க்காமலே ஓராண்டு போலக் கடன் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமையும் அதற்கான பணமும் இல்லாதவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பதே லாபம்.

படி 1: யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடன் திரும்பி வருவதற்கு இரண்டு வேண்டும்: கட்டும் வசதி, கட்டும் மனசு. முதலாவதை ரொக்க வரவு, சரக்கு இருப்பு, வாடகை ரசீது, யுபிஐ வரவு போன்றவை ஓரளவு காட்டும். சைக்கோமெட்ரிக் தேர்வு முக்கியமாக இரண்டாவதைத் தேடுகிறது. வசதியே இல்லாதவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தவணை வராது. ஆகவே இந்தத் தேர்வு வரவு செலவுக் கணக்கின் இடத்தை நிரப்பாது. அதற்குப் பக்கத்தில்தான் உட்காரும்.

அடுத்து, உங்களிடம் வருபவர்களை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள்: கடன் வரலாறு உள்ளவர்கள், இல்லாதவர்கள். இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதற்குப் பெரு நாட்டில் நடந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வங்கி சிறு தொழில் செய்பவர்களிடம் ஈஎஃப்எல் தேர்வை வைத்தது. அவர்களின் கடன் விவரங்களை அரைஸ், புரூன், ஸ்டுச்சி ஆகிய மூவர் ஆராய்ந்தனர். வரலாறு உள்ளவர்களிடம், வழக்கமான மதிப்பீட்டில் தேறியவர்களை இந்தத் தேர்வால் இன்னொரு தடவை சலித்தால் கடன் தொகுப்பின் ஆபத்து குறையும் என்று தெரிந்தது. வரலாறு இல்லாதவர்களிடமோ, ஆபத்தைக் கூட்டாமல் அதிகம் பேருக்குக் கடன் கொடுக்க இது உதவியது. தேர்வு ஒன்றுதான், ஒரு கூட்டத்துக்கு அது வடிகட்டி, மற்றதற்கு வாசல். இரண்டுக்கும் ஒரே கட்-ஆஃப் வைத்தால் இரண்டையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

பிணை வைக்கச் சொத்தில்லாதவர்கள்தான் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். எத்தியோப்பியாவில் பெண் தொழில்முனைவோருக்கான உலக வங்கித் திட்டம் ஒன்றில், நிலமோ வீடோ தங்கள் பேரில் இல்லாத பெண்களிடம் அம்ஹாரா கடன் சேமிப்பு நிறுவனத்தின் மூலம் டேப்லெட்டில் இந்தத் தேர்வை நடத்தினார்கள். உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்கள் கடனைக் கட்டும் வாய்ப்பு, குறைந்தவர்களைவிட ஏழு மடங்கு என்று உலக வங்கி எழுதியது. இந்த மாதிரி ‘ஏழு மடங்கு’ எண்ணை விற்பனைக்கு வருபவர் யாராவது உங்களிடம் நீட்டினால், உடனே கேட்க வேண்டியது: எதில் ஏழு மடங்கு? நூறு பேரில் எத்தனை பேர் கட்டவில்லை? எத்தனை பேரை வைத்துச் சொல்கிறீர்கள்?

படி 2: ‘கட்டாதவர்’ யார் என்று எழுதி வையுங்கள்

பலர் தாண்டிப்போகும் இடம் இது. 90 நாள் தாண்டிய நிலுவையை வாராக்கடன் என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்துகிறது. ஆனால் வாரத் தவணைக் கடனில் 90 நாள் காத்திருந்தால் கதை முடிந்திருக்கும்; 30 நாள் போதும். எதை எடுத்தாலும் அதைத் தொடக்கத்திலேயே பூட்டிவிடுங்கள். முடிவு வந்த பிறகு வரையறையை மாற்றினால் எந்தக் கணிப்பு மாதிரியையும் (மாடலையும்) அழகாகக் காட்டிவிடலாம்.

காரணத்தையும் குறியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் தண்ணீரை நிறுத்தியது, அதே மாதம் தூத்துக்குடி வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது தவணை தவறிய மளிகைக் கடைக்காரரை, கடையைப் பூட்டிவிட்டு ஊர் மாறிப் போனவரோடு ஒரே பட்டியலில் போட்டால் உங்கள் மாதிரி மழையைக் கற்றுக்கொள்ளும், மனிதரைக் கற்றுக்கொள்ளாது.

படி 3: கேள்விகள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது “நான் பொறுப்பானவன்: ஆம் / இல்லை” மாதிரிக் கேள்வி. இதைத் தூக்கிப் போடுங்கள். கடன் கேட்டு வந்து உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன சொல்வார்? உளவியலில் புகழ்பெற்ற ‘பிக் ஃபைவ்’ ஆளுமைக் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்து வைப்பதும் ஆபத்து. 23 நாடுகளின் தரவை வைத்து லாஜாஜும் பிறரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நேரில் கேட்கப்படும்போது அந்தக் கேள்விகள் அளக்க நினைத்த குணங்களைச் சரியாக அளப்பதில்லை என்று காட்டியது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டும் பழக்கம் அதில் ஒரு பெரிய காரணம். கேள்வி கேட்பவர் சட்டை போட்டு, கையில் டேப்லெட்டோடு வந்தால் நம் ஊரில் இந்தத் தலையாட்டல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பயன்படக்கூடிய வகைகள் சில உண்டு.

கட்டாயத் தேர்வுக் கேள்வி: இரண்டுமே நல்லதாக ஒலிக்கும் வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்வது. “வேலையைத் தொடங்கும் முன் நன்றாகத் திட்டம் போடுவேன்”, “வாய்ப்பு வந்தால் உடனே இறங்கிவிடுவேன்.” எது சரியான விடை என்று பார்த்ததும் தெரியாது. அதுதான் வேண்டும்.

மற்றவரைப் பற்றிய கேள்வி: மொத்த வியாபாரி தவறுதலாக ஒரு பெட்டி எண்ணெய் கூடுதலாக இறக்கிவிட்டார். “நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். “உங்கள் தெருவில் பத்துக் கடைக்காரர்களில் எத்தனை பேர் திருப்பிக் கொடுப்பார்கள்?” என்று கேளுங்கள். ஊரே ஏமாற்றுகிறது என்று நினைப்பவருக்குத் தானும் அப்படிச் செய்வது எளிதாகத் தோன்றும் என்ற கருத்தை, வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்மைத் தேர்வுகள் வெகுகாலமாகப் பயன்படுத்துகின்றன. ஒரு எச்சரிக்கை: நிஜமாகவே பலமுறை ஏமாற்றப்பட்டவரும் இதே விடையைத்தான் சொல்வார். எந்த ஒற்றைக் கேள்விக்கும் அதிக எடை தராதீர்கள்.

கட்டுப்பாடு பற்றிய கேள்வி: போன மாதம் வியாபாரம் குறைந்ததற்கு என்ன காரணம்? நேரம், கண்ணேறு, எதிர்க் கடை, நான் சரக்குத் தவறாக எடுத்தது. எந்தப் பக்கம் விரல் நீள்கிறது என்பதைப் பாருங்கள். காலப் பொறுமைக் கேள்விகளும் உண்டு: இன்று 1,000 ரூபாயா, அடுத்த மாதம் 1,300 ரூபாயா? இதில் மட்டும் கவனம். இன்று காசை எடுப்பவர் அவசரக்காரராக இருக்கலாம், வீட்டில் அரிசி இல்லாதவராகவும் இருக்கலாம்.

எண் நினைவு: ஒரு நீண்ட எண்ணைக் காட்டி மறைத்து, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது. இலங்கையில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழில்களில் டி மெல், மெக்கன்சி, வுட்ரஃப் ஆகியோர் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில் இதைப் பயன்படுத்தினார்கள். இலவசமாகக் கொடுத்த முதலால் யாருக்கு அதிக லாபம் கிடைத்தது என்பதில் திறமைக்கு இடம் இருந்ததை அவர்கள் கண்டார்கள். ஆனால் இது சம்பாதிக்கும் திறனைத் தொடுகிறது, கட்டும் மனசை அல்ல. இரண்டையும் தனித்தனி மதிப்பெண்ணாகவே வையுங்கள்.

விடைக்கு வெளியே இருப்பதும் தகவல்தான். ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுத்தார், எத்தனை முறை மாற்றினார், ஒரே விஷயத்தை வேறு விதமாகக் கேட்டபோது முன்னுக்குப் பின் முரண்பட்டாரா, எல்லாவற்றுக்கும் முதல் விடையையே அழுத்தினாரா என்பதையெல்லாம் கருவி பதிந்துகொள்ளட்டும்.

மொழியைப் பற்றி. பத்திரத் தமிழில் எழுதாதீர்கள். “நிதிசார் கடப்பாடுகளை உரிய காலத்தில் நிறைவேற்றுவேன்” என்று ஒரு தேர்வுத்தாளில் இருந்தால் அது கடனாளியின் குணத்தை அளக்கவில்லை, அவர் படித்த வகுப்பை அளக்கிறது. இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது வழக்கமான முறை. செய்யுங்கள், ஆனால் அது போதாது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருபது பேர், திருநெல்வேலிப் பக்கம் இருபது பேர் என்று உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுவிட்டு “இதுல என்ன கேக்குறாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே விழும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் பதிவும் படமும் கட்டாயம்.

படி 4: கிளையில் நடத்துவது

முப்பது, நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் யாரும் கடையை விட்டுவிட்டு உட்காரமாட்டார்கள். பெண்கள் பெயரில் கடன் என்றால் கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்வதைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

பெரிய ஓட்டை ஃபீல்டு ஆபீசர்தான். மாதம் இத்தனை கடன் போட்டால் இன்சென்டிவ் என்று நீங்களே வைத்திருக்கிறீர்கள். அவரிடமே தேர்வையும் கொடுத்தால் அவர் உதவாமல் இருப்பாரா? தேர்வு நடத்துபவர் வேறு ஆளாக இருக்கட்டும். கேள்விகள் பெரிய கேள்வித் தொகுப்பிலிருந்து மாறி மாறி வரட்டும், வரிசையும் மாறட்டும். அப்படியும் சில மாதங்களில் கிளைக்கு வெளியே விடை சொல்லிக்கொடுக்கும் புரோக்கர் முளைப்பார். ஒரே கிளையில் மதிப்பெண்கள் திடீரென்று ஏறுகின்றனவா, விடைகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றனவா என்று வாராவாரம் பார்க்க ஒருவர் வேண்டும்.

இன்னொன்று: ஊழியர்களிடமோ பழைய வாடிக்கையாளர்களிடமோ சும்மா வைத்துப் பார்த்த தேர்வை நம்பி மாதிரி கட்டாதீர்கள். இழக்க ஒன்றுமில்லாதபோது ஒருவர் சொல்லும் விடை வேறு, கடன் கிடைக்குமா என்ற பதைப்பில் சொல்லும் விடை வேறு. கிளிங்கரும் ஃப்ரெசேயும் பிறரும் சேர்ந்து செய்த ஆய்வின் மையச் செய்தியே இதுதான்: பணயம் இல்லாத சூழலில் உருவாக்கிய கணிப்பு மாதிரி, நிஜ விண்ணப்பதாரரிடம் அப்படியே செல்லாது.

படி 5: மதிப்பெண்ணைப் பூட்டிவைத்துக் கடன் கொடுங்கள்

இதுதான் கடினமான படி. இதைத் தவிர்த்துவிட்டு, தேர்வு வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை.

வருபவர் எல்லோரும் தேர்வு எழுதட்டும். மதிப்பெண் கிளைக்கோ கடன் குழுவுக்கோ தெரியக் கூடாது. உங்கள் பழைய விதிப்படியே கடன் கொடுங்கள். ஏன் மறைக்க வேண்டும்? தெரிந்துவிட்டால் குறைந்த மதிப்பெண்காரருக்குக் கொடுக்கமாட்டீர்கள். கொடுக்காவிட்டால் அவர் கட்டியிருப்பாரா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. தேர்வு சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இதோடு பழைய விதிப்படி நிராகரிக்கப்பட்டவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்து அவர்களுக்கும் சின்னத் தொகை கொடுங்கள். புதிதாக உள்ளே கொண்டுவர நினைப்பது அவர்களைத்தான் என்றால், அவர்களைப் பற்றிய தரவு இல்லாமல் எப்படிக் கணிப்பது?

இதன் விலையைக் கணக்குப் போடலாம். சராசரிக் கடன் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நூற்றுக்கு 5 கடன் கெடுகிறது. இந்தச் சோதனைக் கூட்டத்தில் 15 கெடலாம் என்று பயப்படுகிறீர்கள். 200 பேருக்குக் கொடுத்தால் வழக்கத்தைவிட 20 கடன் கூடுதலாகக் கெடும். பாதித் தவணை கட்டிய பிறகு நின்றால் ஒவ்வொன்றிலும் 25,000 ரூபாய் போகும். மொத்தம் 5 லட்சம். இதைக் கெட்ட கடனாக எழுதாமல், தரவு வாங்கிய செலவாக முதலிலேயே நிர்வாகக் குழுவிடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாதம் வசூல் குறைந்ததும் யாராவது பயந்துபோய்ச் சோதனையை நிறுத்திவிடுவார்கள்; கொடுத்த காசும் போகும், கற்றதும் ஒன்றும் இருக்காது.

எத்தனை கடன் வேண்டும்? கணிப்பு மாதிரி கற்றுக்கொள்வது கெட்ட கடன்களிலிருந்துதான். நூற்றுக்கு 5 கெடும் இடத்தில் 100 கெட்ட கடனைப் பார்க்க 2,000 கடன் தேவை. முந்நூறு கடன் கொடுத்துவிட்டு, பதினைந்து பேர் கட்டவில்லை என்பதை வைத்து ஆளுமையை அளந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. சின்னச் சங்கங்கள் தனியாக முயலாமல், ஒரே மாதிரி வாடிக்கையாளர் உள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து செய்வது நல்லது.

படி 6: மாதிரியைக் கட்டிச் சோதிப்பது

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய புள்ளியியல் முறை போதும். நூறு கெட்ட கடன்களைக் கொண்டு நூறு கேள்விகளின் எடையைக் கண்டுபிடிக்க எந்த நவீன முறையாலும் முடியாது. கேள்விகளை நான்கைந்து தொகுதியாக்கி, தொகுதிக்கு ஒரு மதிப்பெண் என்று சுருக்குங்கள்.

சோதிக்கும்போது காலவரிசைப்படி பிரியுங்கள்: முதல் எட்டு மாதக் கடன்களில் மாதிரியைக் கட்டி, அடுத்த நான்கு மாதக் கடன்களில் பாருங்கள். ஏயூசி என்ற அளவை எல்லோரும் கேட்பார்கள். நல்ல கடனாளி ஒருவரையும் கெட்ட கடனாளி ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், மாதிரி நல்லவருக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அது. 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். தனியாக 0.62 வந்ததா, 0.65 வந்ததா என்பதைவிட முக்கியமான கேள்வி: உங்கள் கிளை மேலாளரின் பழைய முறையோடு இதைச் சேர்த்தபோது எவ்வளவு கூடியது? ஒன்றும் கூடவில்லை என்றால் அவருக்குச் சம்பள உயர்வு கொடுத்துவிட்டுத் தேர்வை நிறுத்திவிடலாம்.

இன்னொரு போட்டியாளரையும் ஓடவிடுங்கள்: அக்கம்பக்கத்தார். மகாராஷ்டிராவின் அமராவதியில் ஹுசாம், ரிகோல், ராத் ஆகியோர் நடத்திய ஆய்வில், ஒரே வட்டாரச் சிறு தொழில்காரர்களைக் கொண்டே ஒருவரையொருவர் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். 100 டாலர் மானியத்தை வைத்து யாருக்கு எவ்வளவு லாபம் வந்தது என்று பார்த்தபோது, சக வியாபாரிகள் முன்வரிசையில் வைத்தவர்கள் சராசரியைவிட வெகுவாக அதிகம் சம்பாதித்திருந்தார்கள். ஆனால் தாங்கள் சொல்வதை வைத்துத்தான் பணம் போகும் என்று தெரிந்ததும் சொந்தக்காரர், நண்பர் பக்கம் சாய்ந்தார்கள். சரியாகச் சொன்னால் பணம் என்றதும் அந்தச் சாய்வு குறைந்தது. உங்கள் பகுதியில் மொத்த வியாபாரியிடம் ஒரு போன் போட்டு “இவருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுப்பீங்களா, எவ்வளவுக்கு?” என்று கேட்பது நாற்பது நிமிடத் தேர்வைவிட மலிவு. அது நன்றாகவே கணிக்கிறது என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நியாயமும் சட்டமும்

ஆண், பெண், படித்தவர், படிக்காதவர், கிராமம், நகரம் என்று பிரித்து மதிப்பெண்களைப் பாருங்கள். ஒரு கூட்டம் குறைவாக மதிப்பெண் எடுக்கிறது, ஆனால் அவர்கள் கடனை மற்றவர்களைப் போலவே கட்டுகிறார்கள் என்றால் தவறு தேர்வில் இருக்கிறது. அந்தக் கேள்விகளை எடுங்கள். சாதியையோ மதத்தையோ நேராகக் கேட்கமாட்டீர்கள். ஆனால் உணவு, திருவிழா, தெருப் பெயர் வழியாக அது பின்கதவால் நுழையும். கேள்விப் பட்டியலை வெளியாள் ஒருவர் இந்தக் கண்ணோடு வாசிக்கட்டும்.

தேர்வில் கிடைப்பது தனிப்பட்ட தகவல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை ஒப்புதல்: எதற்காக எடுக்கிறோம் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி வாங்க வேண்டும், அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். ஆளுமை மதிப்பெண்ணைக் காப்பீட்டு விற்பனைக்குக் கொடுப்பது அந்த வேலையில் சேராது. செயலி வழியாகச் செய்பவர்கள் கைபேசியின் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவு, படங்கள் பக்கம் போகவே வேண்டாம். 2022-லேயே ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள் அதைத் தடுத்துவிட்டன.

குறைந்த மதிப்பெண்ணை வைத்து மட்டும் யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். “அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லுது” என்பது பதிலாகாது. ஒரு மனிதர் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரரின் குணத்தைப் பற்றிய சொல் எதுவும் அந்தக் காரணத்தில் இருக்கக் கூடாது. ‘நேர்மைக் குறைவு’ என்று கோப்பில் ஒரு குமாஸ்தா எழுதி வைத்தால் அது அந்த ஊரில் எவ்வளவு தூரம் போகும் என்று யோசியுங்கள்.

படி 8: மதிப்பெண்ணைக் கடனாக மாற்றுவது

கொடு, கொடுக்காதே என்ற இரண்டே முடிவுக்கு இதைப் பயன்படுத்துவது வீண். தொகையையும் தவணைக் காலத்தையும் தீர்மானிக்கப் பயன்படுத்துங்கள். வரலாறு இல்லாதவர், நடுத்தர மதிப்பெண்: 20,000 ரூபாயில் தொடங்கி, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் 50,000. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு வகையின் மேல்வரம்பும் அந்த 50,000-தான். அந்த ஏணியோடு உங்கள் ஏணியைப் பொருத்திக்கொள்வது வசதி. உயர்ந்த மதிப்பெண்ணுக்கு வட்டியைக் குறைக்கலாம். குறைந்த மதிப்பெண்ணுக்கு வட்டியைக் கூட்டும் யோசனை வந்தால் கைவிடுங்கள்: கூடுதல் வட்டியே கட்டுவதைக் கடினமாக்கும், பிறகு தேர்வு சரியாகக் கணித்தது என்று பெருமைப்பட்டுக்கொள்வீர்கள்.

கொடுத்த ஒவ்வொரு கடனையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. இரண்டு கடன் கட்டி முடித்தவருக்கு அதற்குள் சொந்த வரலாறு உருவாகியிருக்கும். மூன்றாவது கடனுக்கு வரும்போது அவரிடம் டேப்லெட்டை நீட்ட வேண்டாம், தவணைப் பதிவைப் பாருங்கள். அவருடைய பழைய தேர்வு விடைகளைப் பெயர் நீக்கி மாதிரிக்காக வைத்துக்கொள்ள வேண்டுமானால், அதற்கும் முதல் நாளிலேயே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மாதிரியை ஆண்டுக்கு ஒரு முறை புதுக் கடன்களில் ஓட்டிப் பாருங்கள். கணிப்பு சரிந்திருந்தால் கேள்வி வங்கியை மாற்றி, ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.